யாரென்று கேட்காத பூட்டு

பூட்டு மாட்ட வந்தவர் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அனூஷ் டெர்ஸியன் கையிலிருந்த காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போதும் ஐஸ் போட்ட காபியைத்தான் குடிப்பேன் என்பது அந்த ஊர்க்காரர்களின் வீம்பு. அவளுக்கும் அந்த வீம்பு உண்டு. பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. ஆபீஸ் அட்டையை அதன் முகத்தில் காட்டினால் கதவு திறக்கும். தார்ன்பெரி கம்பெனிச் சரக்கு. அதே மாடல். சந்தேகத்துக்கு ஓரத்திலிருந்த எண்ணையும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"அடப்பாவிகளா, இதையா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பூட்டுக்காரர் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு திரும்பினார். "ஏம்மா, கலர் புடிக்கலையா? வெள்ளையிலயும் வருது."

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பூட்டுதான் பூட்டாது."

அவர் இதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவரைச் சொல்லி என்ன பயன்? மாட்டச் சொன்னதை மாட்டுகிறார்.

சாமர்வில்லில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேல்மாடியில், சோப்பு வாசனையும் துணி உலர்த்தும் மெஷின்களின் அதிர்வும் நாள் முழுக்க ஏறி வரும் அந்தக் கூடத்துக்கு இதுவரை உருப்படியான பூட்டு இருந்ததில்லை. இருந்த பித்தளைப் பூட்டுக்கும் யாரிடமும் சாவி கிடையாது. ரஸ்டி ஹிஞ்ச், அதாவது துருப்பிடித்த கீல், என்று பெயர் வைத்துக் கம்பெனியை ஆரம்பித்த எட்டுப் பேரும் காலையில் வளைந்த கம்பியால் பூட்டை நெம்பித் திறந்துகொண்டுதான் உள்ளே வருவார்கள். கம்பியால் திறக்கத் தெரியாதவருக்கு இங்கே வேலை இல்லை என்று சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனே டெஸ்மண்ட் ஃபர்டாடோதான்; ஒரு மழை நாளில் அவனுக்கே பூட்டு மசியாமல், பின்பக்க இரும்பு ஏணியில் ஏறி ஜன்னல் வழியாகத் தொப்பென்று விழுந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எட்டுப் பேருமே சின்ன வயதில் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் கேட்காமல் புகுந்து வளர்ந்தவர்கள். பெரியவர்களானதும் அதையே கேட்டுக்கொண்டு செய்தார்கள். வங்கியோ ஆஸ்பத்திரியோ, 'எங்கள் வீட்டுக்குள் திருடன் எப்படி நுழைவான், காட்டுங்கள்' என்று கூப்பிடும். இவர்கள் நுழைந்து காட்டுவார்கள், எந்த ஓட்டை வழியாக வந்தோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் தொழில்.

இலையுதிர் காலத்தின் கடைசியில் ப்ரெஸ்ட்விக் வந்தது. ஐம்பது ஊர்களில் ஆபீஸ் வைத்திருக்கும் பாதுகாப்புக் கம்பெனி. கோட்டும் டையுமாக ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தும் ஓட்டை கண்டுபிடிக்கத் தெரிந்தவன் ஒருவன் இல்லாத குறைக்கு, இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளாகப் பார்த்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ரஸ்டி ஹிஞ்ச்சையும் வாங்கியது. எட்டுப் பேருக்கும் கறுப்பு ஹூடி வந்தது. இவர்கள் என்றைக்கும் போடுகிற அதே கறுப்பு ஹூடிதான், நெஞ்சில் ப்ரெஸ்ட்விக் முத்திரையோடு! விசிட்டிங் கார்டில் பட்டப்பெயர் போடக் கூடாது என்றார்கள். இருபது வருஷமாகப் பிக்கிள் என்றே எல்லாருக்கும் தெரிந்தவன் ஒரே வாரத்தில் டெஸ்மண்ட் ஆனான். ப்ரெஸ்ட்விக்கிலிருந்து இவர்களைக் கட்டி மேய்க்க அனுப்பப்பட்டவர் வாரன் ஹால்ஸ்டெட். வந்த முதல் நாளே, கீழே லாண்டரிக்காரர் இடுப்பொடியப் பனியை வாரி ஒதுக்கி, அடையாளத்துக்கு ஒரு நாற்காலியைப் போட்டுத் தன் காருக்கென்று பிடித்து வைத்திருந்த இடத்தில், அந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் காரை நிறுத்தினார். அந்த ஊரில் அப்பன் பிள்ளைக்குள்ளேகூட அதைச் செய்ய மாட்டார்கள். அன்றைக்கே அனூஷுக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

ஆனால் இப்போது அவள் வயிறு எரிந்தது நாற்காலிக்காக அல்ல.

வருஷத்துக்கு ஒரு தடவை ரஸ்டி ஹிஞ்ச் இரண்டு மூன்று இடங்களுக்குக் காசு வாங்காமல் வேலை செய்து கொடுக்கும். அதில் ஒன்று மிஷ்லின் டோர்சன்வில் நடத்தும் வீடு. வாசலில் பலகை கிடையாது, போன் புத்தகத்தில் விலாசம் கிடையாது. கட்டியவனிடம் அடி வாங்கி, உயிர் தப்பினால் போதும் என்று கையில் குழந்தையோடு ஓடி வரும் பெண்கள் தங்குகிற வீடு. ஹெய்ட்டியிலிருந்து சின்ன வயதில் வந்த மிஷ்லின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, ராஜினாமா செய்து இதைத் தொடங்கியவர். போன நவம்பர் தொடக்கத்தில் அனூஷ் அந்த வீட்டு ஹாலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் வாசல் பூட்டின் லட்சணம் தெரிந்தது. அந்தப் பூட்டு வீட்டு வைஃபையில் இருந்தது. 'திற' என்று ஒரு வரி அனுப்பினால், நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துவிடும். வைஃபை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் எட்டும். வெளியே காருக்குள் உட்கார்ந்திருக்கிற எவனும் அனுப்பலாம். கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் போதும். கணினி தெரிந்த புருஷன்கள் உலகத்தில் குறைவா என்ன?

அங்கேதான் அவள் ஒரு தவற்றைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் உடனே எழுந்துபோய் மிஷ்லினிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஓட்டை தேடுகிறவர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. கண்டுபிடித்தால் முதலில் பண்டத்தைச் செய்தவனுக்கு எழுத வேண்டும். சரிசெய்ய ஒன்றரை மாதம் தவணை தர வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது, ஏனென்றால் நல்லவன் காதில் விழுவது கெட்டவன் காதிலும் விழும். தவணை முடிந்ததும், சரிசெய்தானோ இல்லையோ, எல்லாருக்கும் பகிரங்கமாகச் சொல்லிவிட வேண்டும். இதுதான் தங்களைத் திருடனிடமிருந்து பிரிக்கிற கோடு என்று அவர்கள் நினைத்தார்கள், அதில் ஒரு கர்வமும் இருந்தது. அனூஷ் முறைப்படி தார்ன்பெரிக்கு எழுதினாள். அக்கறையாக, மரியாதையாக, படம் வரைந்துகூட எழுதினாள். ஒன்றரை மாதம்தானே என்று மிஷ்லினிடம் 'எல்லாம் பார்த்துக்கிட்டிருக்கேன்' என்று சொல்லிவிட்டு வந்தாள். தவணை முடிவதற்குள் கம்பெனி கைமாறிவிட்டது. தவணை முடிந்த அன்று எல்லாருக்கும் சொல்ல உட்கார்ந்தபோது, 'இனி உங்கள் கண்டுபிடிப்புகள் ப்ரெஸ்ட்விக்கின் சொத்து, அனுமதிக்குக் காத்திருக்கவும்' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. காத்திருந்தாள். கிறிஸ்துமஸ் போய்ப் புத்தாண்டும் போய், இன்று அதே பூட்டைக் கொண்டுவந்து அவள் வாசலிலேயே மாட்டுகிறார்கள்!

நேரே ஹால்ஸ்டெட்டின் அறைக்குப் போனாள். முன்பு அது சைக்கிள் நிறுத்துகிற மூலை. இப்போது கண்ணாடித் தடுப்பு வைத்து அறையாக்கியிருந்தார்கள்.

"வாரன், வாசல்ல மாட்டறது தார்ன்பெரி பூட்டு. தெரியுமா?"

"நம்ம கஸ்டமராச்சே. நல்ல தள்ளுபடி குடுத்தாங்க."

"அந்தப் பூட்ட யார் வேணாலும் திறக்கலாம். நான்தான் கண்டுபிடிச்சேன்."

"தெரியுமே!" ஹால்ஸ்டெட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த மெயில நானே படிச்சேன். என்ன ஒரு மரியாதையான மெயில்! தார்ன்பெரிக்காரங்க அத எங்களுக்கு அனுப்பி, யாரு இவங்க, என்ன பண்ணலாம்னு கேட்டாங்க. அப்பதான் உங்க கம்பெனி பேரே எங்க காதுல விழுந்துச்சு. ஒரு விதத்துல பாத்தா இந்தக் கல்யாணத்துக்குத் தரகரே நீங்கதான், அனூஷ்."

பாராட்டாகத்தான் சொன்னார். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். அனூஷ் உட்காரவில்லை. திறமையைப் பார்த்து வாங்கினார்கள் என்று எட்டுப் பேரும் பீர் குடித்துக் கொண்டாடினார்களே, அந்தக் கூத்து அவள் கண் முன்னால் வந்தது. வாய் ஒன்று திறந்துவிடப் போகிறது என்று, அதை அடைக்கக் கம்பெனியையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். தான் எழுதிய மெயிலே இவர்களுக்கு வழி காட்டியிருக்கிறது.

"எப்ப சரி பண்ணப் போறாங்க?"

"அடுத்த மாடல்ல."

"ஏற்கெனவே மாட்டினவங்க?"

"அது தார்ன்பெரியோட முடிவு. நாம தலையிட முடியாது."

"சரி, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லிடறேன். உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் போட்டாப் போதும், வாரன். ஒரு தாழ்ப்பாள்!"

"ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்."

"சொல்லுங்களேன்! யார் வேண்டாங்கறது?"

ஹால்ஸ்டெட் புன்னகை செய்தார். குழந்தை மிட்டாய்க்கு அழும்போது பெரியவர்கள் செய்கிற புன்னகை. "உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா கொஞ்சம் உணர்ச்சிவசப்படறீங்க. எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் ஒப்பந்தம் போட்டிருக்கோம். ஒருத்தர் வெளிய பேசினா மத்த ஏழு பேருக்கும் அது பாதிப்பு. டெஸ்மண்ட் உங்களுக்கு விளக்கிச் சொல்வாரு."

டெஸ்மண்ட் மாடிப்படியில் உட்கார்ந்து, கன்னத்தில் பஞ்சு அடைத்து வீங்கிய வாயோடு சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தான். காலையில் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது.

"அந்த ஆளு போன்ல கூப்பிட்டுச் சொல்லிட்டான்," என்றான் அவளைப் பார்த்ததும். "அனூஷ், வேண்டாம், விட்டுடு."

"எத விடறது? டேய், நம்மள ஏன் வாங்கினாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

டெஸ்மண்ட் கிண்ணத்துக்குள் பார்த்தான். கீழே ஒரு மெஷின் தடதடவென்று சுற்றி ஓய்ந்தது.

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்ப?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

"முன்னாடியா! தெரிஞ்சுக்கிட்டே பேனாவ என் கையில குடுத்தியா? நல்லா இருப்படா நீ."

"கத்தாத. பல்லு வலிக்குது." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எனக்கும் புடிக்கலதான். ஆனா முப்பத்தெட்டு வயசுல இப்பதான் முதல் தடவையா பல் டாக்டர்ட்ட போறேன், தெரியுமா? இன்சூரன்ஸ் இல்லாம இத்தன வருஷம் கிராம்பு எண்ணெய தடவிக்கிட்டு இருந்தேன். ரெண்டு புள்ள இருக்கு. மத்தவங்களும் அப்படித்தான். ஒருத்தி வீடு பேசி முடிச்சிருக்கா. ஒருத்தன் அம்மாவ நல்ல எடத்துல சேத்திருக்கான். உனக்குக் கோபம் வந்ததுக்கு நாங்க எல்லாரும் தெருவுக்கு வரணுமா?"

"பதினேழு வயசுல டெலிபோன் கம்பெனிக்காரன் உன்ன கோர்ட்டுக்கு இழுத்தான். அப்ப ஜட்ஜுகிட்ட என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? ஓட்டையோட வித்தவன விட்டுட்டு ஓட்டையக் காட்டினவனப் புடிக்கிறீங்களேன்னு கேட்ட. ஊரே உன்னக் கொண்டாடிச்சு. இன்னிக்கு நீ எங்கடா நிக்கற?"

"நான் எங்கயும் நிக்கல. உக்காந்து சூப் குடிக்கறேன்." சிரிக்கப் பார்த்தான், வாய் ஒத்துழைக்கவில்லை. பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்: "அந்தம்மாட்ட நீ ஒரு வார்த்த சொன்னாலும் அது எங்க எல்லார் சார்பாவும் சொல்றதுதான். அந்த உரிம உனக்கு இல்ல."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஹால்ஸ்டெட்டின் மேல் வந்த கோபத்தை எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். டெஸ்மண்டின் பல்வலி மேல் எப்படிக் கொட்டுவது? ஏழு பேர் கழுத்தையும் அவள் நாக்கோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள் பாவிகள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் படியிறங்கினாள்.

ஹார்டுவேர் கடையில் ஒரு தடித்த இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினாள். காரணம் சொல்ல வேண்டாம், மாட்டிவிட்டு வந்துவிடலாம், யார் பேச்சையும் மீறியதாகாது என்று பஸ் முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள்.

மிஷ்லின் கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டார். "வா கண்ணு! புத்தாண்டுக்கு வருவேன்னு பாத்தேன், வரல. பூசணி சூப் ஒரு டப்பா உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். போகும்போது மறந்துடாத." உள்ளே குழந்தைகளின் சத்தம். மாடிப்படியின் நடுவில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், யாருடையதோ பெரிய கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கு அவள் பாதி எழுந்திருந்தாள். அனூஷைப் பார்த்தபின் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.

"ட்ரெஸ்ஸா. முந்தாநாள்தான் வந்தா," என்றார் மிஷ்லின் தணிந்த குரலில். "அங்கயேதான் உக்காந்திருக்கா. வாசல் கண்ணுல படணுமாம்."

அனூஷ் பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தாள். "இத மாட்டிட்டுப் போலாம்னு வந்தேன். கால் மணி நேர வேலை."

மிஷ்லின் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு? இருக்கற பூட்டுக்கு என்ன? கம்பெனிக்காரங்களே இனாமா குடுத்தது. சாவியே வேண்டாம். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் சாவியப் பறிகொடுத்துட்டு வந்தவங்க, தெரியுமில்ல?"

"சும்மா, ஒரு கூடுதல் பாதுகாப்புக்கு."

"சும்மாவெல்லாம் மாட்ட முடியாது. முன்னாடி இருந்த தாழ்ப்பாளத் தீயணைப்பு ஆபீஸ்காரங்க வந்து கழட்டச் சொன்னாங்க. தீப்புடிச்சா புள்ளைங்க வெளிய போக முடியாதாம். காரணம் இருந்தா சொல்லு, நான் போய் அவங்ககிட்ட சண்ட போட்டு வாங்கிட்டு வர்றேன்."

அனூஷ் வாசல் மிதியடியைப் பார்த்தாள். "என்னால சொல்ல முடியாது."

"முடியாதுன்னா?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். புது முதலாளிங்க. நான் பேசினா என்கூட இருக்கறவங்களுக்கும் போச்சு."

மிஷ்லினின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. தாழ்ப்பாளை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இந்த வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தியும், வெளிய சொல்லாத, சொன்னா உன் புள்ளைக்கு என்ன ஆகும் தெரியுமான்னு ஒருத்தன் மெரட்டக் கேட்டுக் கேட்டு வருஷக்கணக்கா வாய மூடிட்டு இருந்தவ. அந்தப் பேச்ச என் வாசல்ல நின்னு நீ பேசறியா?"

அனூஷுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கோபம் பொங்கியது, அதில் பாதி தன் மேலேயே. ஒன்றரை மாதம், முறை, மரியாதை! பூட்டை விற்றவனுக்கு மரியாதை காட்டினாள். பூட்டுக்குப் பின்னால் தூங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. படியிலிருந்த பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்டின் வீங்கிய கன்னம் நினைவுக்கு வந்தது. வீடு பேசி முடித்தவளும் அம்மாவைச் சேர்த்தவனும் கண் முன்னால் வந்தார்கள். மன்னிச்சுக்கோடா பிக்கிள், என்று மனசுக்குள் சொன்னாள். மன்னிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

ஹால் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தாள். ஒரு வரி தட்டினாள்.

டிக் என்றது கதவு. யாரும் பக்கத்தில் இல்லை. வெளியே அடித்த காற்றுக்கு அது தானாக உள்பக்கம் திறந்துகொண்டது, முதலில் ஒரு விரல் அளவு, பிறகு முழுசாக. பனித்தூள் பறந்து வந்து மிதியடியில் விழுந்தது. தெரு அப்படியே வீட்டுக்குள் தெரிந்தது.

மிஷ்லின் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். போய்க் கதவைச் சாத்தினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்.

"மறுபடி," என்றார்.

அனூஷ் தட்டினாள். கதவு மறுபடி திறந்தது.

"வெளிய தெருவுல இருந்துமா?"

அனூஷ் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை.

மிஷ்லின் உள்பக்கம் திரும்பி, "எல்லாரும் இங்க வாங்க! சமையல் கெடக்கட்டும், வாங்க!" என்று குரல் கொடுத்தார். அடுக்களையிலிருந்தும் மாடியிலிருந்தும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கையில் மாவோடு ஒருத்தி வந்தாள், தலையில் துண்டோடு ஒருத்தி. திறந்து கிடந்த கதவையும் தரையில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார்கள். கேட்காமலே புரிந்துகொண்ட மாதிரி இருந்தது அவர்கள் நின்ற விதம்.

ட்ரெஸ்ஸா படியிலிருந்து எழுந்தாள். குழந்தையை மிஷ்லினிடம் கொடுத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனாள். கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு அனூஷைப் பார்த்தாள்.

"இப்பத் திற பாப்போம்."

அனூஷ் விரலை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பெண் விடுகிறதாக இல்லை. "திறங்கறேன்ல?"

தட்டினாள். டிக் என்றது. வெளியே காற்று கதவைத் தள்ளியது. ஈர மிதியடியில் அந்தப் பெரிய காலுறைகள் கொஞ்சம் வழுக்கின. ட்ரெஸ்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை மறுபடி ஊன்றினாள்.